கணக்கில் வராத எண்ணெய்

ஐசியூவில் டயட்டீஷியனாகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொழுப்பு என்றால் வெறும் கலோரிதான். 20 சதவீத லிப்பிட், அதாவது ஏற்றும் கொழுப்புக் கரைசல், மில்லிக்கு 2 கலோரி, 250 மில்லி பை என்றால் 500. குடல் வேலை செய்யாத நோயாளிக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றச் சொல்லி எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலையில் லேபிலிருந்து போன். "மேடம், ஒன்பதாம் பெட் சாம்பிள் மோர் மாதிரி இருக்கு, வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தேன். சுற்றி எடுத்த குழாயின் மேல்பாதியில் மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய சீரம் வெள்ளையாகக் கலங்கி நின்றது. ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 600ஐத் தாண்டியிருந்தது. 400ஐத் தாண்டினாலே நாங்கள் லிப்பிடைக் குறைப்போம்.

வயிற்று ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டரில் இருந்தவர் அவர். நான் எழுதிய கொழுப்பு அளவாகத்தான் இருந்தது. விட்டுப்போனது, பக்கத்து பம்பில் ஓடிய இன்னொரு வெள்ளைத் திரவம்: தூங்கவைக்கும் புரோபோஃபால். அந்த மருந்தே 10 சதவீத சோயா எண்ணெய்க் கரைசலில்தான் வருகிறது. மணிக்கு 15 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 360 மில்லி. 36 கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட 400 கலோரி. அது மருந்துச் சீட்டில் இருந்தது. உணவுச் சீட்டில் அதற்குக் கட்டமே இல்லை. ஆனாலும் பம்பை நிமிர்ந்து பார்க்காதது என் தப்புதான்.

ரவுண்ட்ஸில் சீஃப் திட்டவில்லை. "கலோரிய விடும்மா. ரத்தத்துல மிதக்கற அந்த எண்ணெயை யார் எடுக்கறாங்க?" என்றார்.

"லிப்பேஸ்ங்கற என்சைம் உடைக்கும் சார். அது திணறினா கல்லீரல்ல இருக்கற குப்ஃபர் செல்கள் விழுங்கும்."

"கிருமிய விழுங்கறது யாரு?"

அதே செல்கள்தான்.

அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். 1960களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆர்விட் ரெட்லின்ட் சோயா எண்ணெயை முட்டை மஞ்சள்கருவின் பாஸ்போலிப்பிடோடு கலந்து இன்ட்ராலிப்பிட் என்ற கரைசலைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அமெரிக்காவில் பருத்தி விதை எண்ணெயை ஏற்றிப் பார்த்துப் பட்ட பாடு தனி. சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா-6. எரிந்தது போக மிச்சம் வெள்ளணுக்களின் சவ்வில் போய் உட்காருகிறது. அந்த வகைக் கொழுப்பிலிருந்துதான் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, லுகோட்ரையீன் பி4 என்ற இரண்டு வேதிப்பொருள்களும் வருகின்றன. ஒன்று, நோயை எதிர்க்கும் டி செல்கள் பெருகுவதை அடக்கும். மற்றது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டிவந்து அழற்சியைக் கிளறும். மீன் எண்ணெயில் உள்ள ஈபிஏ என்ற ஒமேகா-3, இவற்றை உண்டாக்கும் அதே நொதிகளுக்குப் போட்டியாக வந்து, வீரியம் குறைந்த லுகோட்ரையீன் பி5ஐ உண்டாக்குகிறது.

விபத்தில் அடிபட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 1997இல் வெளியானது. முதல் 10 நாள் கொழுப்பு ஏற்றாதவர்களுக்குத் தொற்று குறைவு. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு மொத்தக் கலோரியும் குறைவாகத்தான் போனது. அதனால் பழியை எண்ணெய் மீது மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. அறவே நிறுத்தவும் முடியாது, அவசியமான கொழுப்பு அமிலம் கிடைக்காமல் சில வாரங்களில் தோல் உரியத் தொடங்கிவிடும். சோயா 30 சதவீதம், எம்சிடி என்ற நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15 என்று கலந்த பைகளை இப்போது அதிகம் எழுதுகிறேன். விலையைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் முகம் மாறும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. அமிர்தம் என்று சொல்லி யாரையும் வாங்கவைத்ததில்லை.

ஒன்பதாம் பெட்டுக்கு, புரோபோஃபால் ஓடும்வரை என் லிப்பிடை நிறுத்தினோம். மூன்றாம் நாள் சீரம் தெளிந்தது.

உணவுச் சீட்டில் அந்தக் கட்டம் இன்னும் அச்சாகவில்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. தினமும் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பம்பைப் பார்த்து மில்லியைக் குறித்துக்கொள்கிறேன்.