என்2 சான்றிதழுக்குப் பிறகு ஹிரோஷிமாப் பேச்சு

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் என்2 நிலையில், அதாவது ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதில், தேறிவிட்டால் தொழிற்கூடத்தில் பேசுவதெல்லாம் புரிந்துவிடும் என்று முகவர்கள் சொல்வதை, ஹிரோஷிமா மாகாணத்துக்கு வேலைக்கு வருபவர்கள் தயவுசெய்து நம்ப வேண்டாம். தேர்வில் ஒலிக்கும் உரையாடல்கள் டோக்கியோப் பேச்சை அடியாகக் கொண்ட பொதுமொழியில் அமைந்தவை. குரே நகரப் பக்கம் கப்பல் உதிரிபாகம் கடையும் ஒரு பட்டறையில், பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர்கள் இயந்திர இரைச்சலுக்கு நடுவே பேசுவது வேறு மொழி. அதைப் படிக்க முயன்றபோது எந்தெந்த வாசல்கள் எனக்கு அடைபட்டன, எது கடைசியில் உதவியது என்பதை அடுத்து வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னை இந்தப் படிப்பில் தள்ளியது ஒரு கூலன்ட் தொட்டி, அதாவது கடையும்போது டூலைக் குளிர்விக்கும் திரவம் நிற்கும் தொட்டி. மேற்பார்வையாளர் ஒரு நாள் என் லேத்தைக் கடந்து போகும்போது, கூலன்ட் ‘மித்தெத்தா’ என்று சொல்லிவிட்டுப் போனார். பொதுமொழியில் அந்த ஒலிக்குப் ‘பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று பொருள் என்பதால், தொட்டியை அவரே கவனித்துவிட்டார் என்று எவரும் எடுத்துக்கொள்வார்கள். ஹிரோஷிமாவிலோ அது ‘தீர்ந்துபோயிற்று’ என்பதற்கான வினை. டூல் கருகியது, கடைந்துகொண்டிருந்த பாகமும் வீணானது. பிறகு நடந்த விசாரணையில் ‘அறிவுறுத்தல் உரிய முறையில் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதி என்னிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். எந்த மொழியில் தெரிவிக்கப்பட்டது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

முதலில் வெளிநாட்டவருக்கான ஆலோசனை மையம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் மிகுந்த பணிவோடு, வட்டாரப் பேச்சுக்கு வகுப்பு எதுவும் கிடையாது என்றும், வெளிநாட்டவர்கள் ‘சரியான ஜப்பானிய மொழியை’ப் படிப்பதே நல்லது என்றும் கூறி, ஏற்கெனவே நான் முடித்திருந்த அடிப்படை வகுப்பின் விண்ணப்பத்தை நீட்டினார். மெய்ஜி காலம் (1868–1912) தொட்டுப் பள்ளிக்கூடங்களின் வழியாகப் பரப்பப்பட்ட பொதுமொழி மட்டுமே சரியானது, ஊர்ப்பேச்சு திருத்தப்பட வேண்டிய குறை என்னும் எண்ணம் இன்னும் பலரிடம் தங்கியிருப்பதை அன்றுதான் நேரில் கண்டேன். அரை நாள் விடுப்பு எடுத்துப் போன பயணம் அப்படி முடிந்தது.

அடுத்து, ‘மேற்கு ஜப்பானியப் பேச்சுவழக்கு’ கற்றுத்தருவதாக விளம்பரம் செய்திருந்த இணைய ஆசிரியர் ஒருவருக்கு முன்பணம் கட்டினேன். அவர் நடத்தியது முழுக்க ஒசாகாப் பேச்சு. ‘கூடாது’ என்பதற்கு ஒசாகாவில் ‘அக்கன்’ என்பார்கள், ஹிரோஷிமாவில் ‘இக்கென்’ என்பார்கள். பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘ஆகும்’ என்ற பொருளில் அங்கே வருவது ‘யா’, இங்கே வருவது ‘ஜா’. இவற்றைச் சுட்டிக்காட்டியபோது மேற்கு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று பதில் வந்தது, கட்டிய பணம் திரும்பி வரவில்லை. ஊரின் பெயரைச் சொல்லி, அந்த ஊரில் வளர்ந்தவரா என்று கேட்டு உறுதிசெய்யாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஹிரோஷிமா மாகாணத்துக்குள்ளேயே மேற்கில் அகி, கிழக்கில் ஃபுக்குயாமா நகரைச் சுற்றிய பிங்கோ என்று வழக்குகள் பிரிகின்றன.

உண்மையில் உதவிய இடம், கோமின்கான் எனப்படும் பகுதிச் சமூகக் கூடம் ஒன்றில் முதியவர்கள் நடத்திய நாட்டுப்புறக் கதை சொல்லும் வகுப்பு. அதில் சேர்வதற்குள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். இடம் இருக்கிறது, நேரில் வாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். போய் நின்றபோது, பதிலட்டை இணைந்த அஞ்சலட்டையில் விண்ணப்பித்துக் குலுக்கலில் தேர்வானவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அந்த ஊரில் இத்தகைய வகுப்புகளுக்கு இப்படி அஞ்சலட்டை கேட்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அஞ்சலகத்திலேயே அந்த இரட்டை அட்டை கிடைக்கும். பதில் பகுதியில் உங்கள் முகவரியை நீங்களே எழுதி அனுப்ப வேண்டும். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும், அட்டை வேண்டுமா, கடைசித் தேதி எது என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துக்கு அப்படி விண்ணப்பித்தேன், இடமும் கிடைத்தது.

கதை வகுப்பில் எனக்குக் கிடைத்த பெரும் பயன் சொற்களை விட வினைகளில்தான் இருந்தது. பொதுமொழியில் ‘ஃபுத்தெ இரு’ என்ற வடிவம் மழை பெய்துகொண்டிருப்பதையும் குறிக்கலாம், பெய்து முடிந்து தரை நனைந்து கிடப்பதையும் குறிக்கலாம். ஹிரோஷிமாவிலும் மேற்கு ஜப்பானின் வேறு பல பகுதிகளிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. மழை பெய்துகொண்டிருந்தால் ‘ஃபுரியொரு’, பெய்திருந்தால் ‘ஃபுத்தொரு’. ஒரு பாட்டி கதையில் இதை விளக்கியவுடன் எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது, ஏனென்றால் ‘பெய்துகொண்டிருக்கிறது’, ‘பெய்திருக்கிறது’ என்று நாம் பிறந்தது முதல் பிரித்துப் பேசி வந்திருக்கிறோம். அருகில் அமர்ந்திருந்த, டோக்கியோவிலிருந்து மணமாகி வந்த பெண்மணிக்கு அந்த வேறுபாடு மிகவும் கடினமாக இருந்தது. தமிழர்கள் இந்த ஒரு விஷயத்தில் பொதுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை விடவும் முன்னால் நிற்கிறோம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

பட்டறையில் இது உயிர் தொடர்பான விஷயம். ‘ஒச்சியொரு’ என்று ஒருவர் கத்தினால் ஏதோ விழுந்துகொண்டிருக்கிறது அல்லது விழப்போகிறது, உடனே விலக வேண்டும். ‘ஒச்சித்தொரு’ என்றால் விழுந்து கிடக்கிறது, எடுத்து வைத்தால் போதும். இளைஞர்கள் பலர் இப்போது இரண்டு இடத்திலும் ‘தொரு’ வடிவத்தையே ஆள்கிறார்கள் என்பதால், பேசுபவரின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டில் படிக்க விரும்புபவர்களுக்கு நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் சிறு புத்தகங்களைப் பரிந்துரைக்க மாட்டேன். பத்துப் பதினைந்து வேடிக்கைச் சொற்களுக்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை. ஜப்பானின் தேசிய மொழி ஆராய்ச்சி நிறுவனம் 1989 முதல் 2006 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட வட்டார வழக்கு இலக்கண வரைபடங்களை அந்நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எந்த வினை வடிவம் எந்த ஊர் வரை வழங்குகிறது என்பதை அதில் புள்ளி புள்ளியாகக் காணலாம். தரவுகள் அன்றைய முதியவர்களிடம் திரட்டப்பட்டவை. ஆகையால் பார்த்ததை உங்கள் பட்டறையில் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஆறுதல், ஹிரோஷிமாவின் சொல்லழுத்தம் டோக்கியோ வகையைச் சேர்ந்தது. கியோட்டோவுக்கோ ஒசாகாவுக்கோ போனவர்களைப் போல ஒவ்வொரு சொல்லின் ஏற்ற இறக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

பேசத் தொடங்கும்போது வேறு தடை வரும். வெளிநாட்டவர் முகத்தைக் கண்டவுடன் உள்ளூர்க்காரர்கள் பொதுமொழிக்கு மாறிவிடுவார்கள், ஆனால் வேலை மும்முரத்தில் தம்மையறியாமல் பழைய பேச்சுக்குத் திரும்புவார்கள், நமக்குப் புரிய வேண்டியது அப்போதுதான். பணிவும் ஊர்ப்பேச்சும் ஒருசேர அமைந்த ‘தெசு கே’ என்ற முடிவு எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. ‘தெசு’ மரியாதையைக் காக்கிறது, ‘கே’ என்னும் காரண இடைச்சொல் ஊரைக் காட்டுகிறது. அதை முதன்முறை கேட்ட மேற்பார்வையாளர் சட்டென்று என் பக்கம் திரும்பினார், அன்றிலிருந்து என்னிடம் மெதுவாக, ஆனால் தம் சொந்தப் பேச்சிலேயே விளக்கத் தொடங்கினார். எனக்கு அது பெரிய வெற்றி. அதே சமயம் ‘வாஷி’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வதை மூத்த ஆண்களிடமே விட்டுவிடுங்கள். 1970களில் வந்த, யாகுசா எனப்படும் குற்றக் கும்பல்களைப் பற்றிய படங்களால் இந்தப் பேச்சுக்கு முரட்டுச் சாயல் ஏறியிருக்கிறது, புதிதாக வந்தவர் வாயில் அது மிரட்டலாகவே ஒலிக்கும். மரியாதை வடிவத்திலும் கவனம் தேவை. ‘ஆசிரியர் கிச்சத்தா’ என்பது பொதுமொழியில் ‘வந்து தொலைத்தார்’ என்ற தொனியில் ஒலிக்கும், ஹிரோஷிமாவில் அதுவே ‘வந்திருக்கிறார்’ என்று உயர்த்திச் சொல்வது. இதை எதிர்பாராமல் கேட்டால் ஊராரைத் தவறாக எடைபோட்டுவிடுவோம்.

முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வருபவர்கள் உடல்நலச் சொற்களை எல்லாவற்றுக்கும் முன்னால் படித்துவிடுங்கள். பொதுமொழியில் ‘எராய்’ என்றால் மேன்மையானது, இங்கே ஒரு தாத்தா அதைச் சொன்னால் அவருக்கு உடல் தாளவில்லை என்று பொருள். வயிறு ‘நிகாரு’ என்றால் உள்ளே மந்தமான வலி. பட்டறைக்கு வருபவர்கள் ‘தச்சிமச்சி’ என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அகராதி அதற்கு ‘நொடியில்’ என்று பொருள் தரும், மேற்பார்வையாளர் சொல்வது ‘இப்போதைக்கு’ என்பதை மட்டுமே.

எங்கள் பட்டறையில் பல மாதங்கள் விடாமல் கேட்டதன் பலனாக, கூலன்ட், அழுத்தம், நிறுத்தம் தொடர்பான அறிவுறுத்தல்கள் இப்போது காலைக் கூட்டத்தின் வெள்ளைப் பலகையில் பொதுமொழியிலும் எழுதப்படுகின்றன. உங்கள் இடத்திலும் இதைக் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.