கோழி சாண்ட்விச் விற்ற காசு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச் என்றதும் நம்மில் பலருக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கம்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணியின் ஞாபகம்தான் முதலில் வருகிறது.

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில், பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து அவர்கள் பேருந்தில் ஏறவே மறுத்த புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நடந்தது. சரி, அத்தனை நாளும் வேலைக்கு எப்படிப் போவது? கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றிப் போனார்கள், அது போதாதென்று ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி சர்ச்சுகளின் பெயரிலேயே பதிவு செய்து ஓட்டினார்கள், 'உருளும் சர்ச்சுகள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. பெட்ரோலுக்குப் பணம்? முதல் பெருங்கூட்டத்திலேயே கோழி சாண்ட்விச் விற்றவர் கில்மோர். அப்புறம் தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டமும் செய்து வீடு வீடாக விற்று, சேர்ந்த காசை சர்ச்சில் நடக்கும் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள், பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் 'எங்கிருந்தும் வரவில்லை' என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அந்தக் குழுவுக்கே 'கிளப் ஃப்ரம் நோவேர்', அதாவது எங்கிருந்தும் வராத கிளப் என்று பெயர். கில்மோர் மட்டும் பயப்படாமல் புறக்கணிப்பு தொடர்பான வழக்கில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், வேலை போனது, வீட்டுச் சமையலறையிலேயே சாப்பாட்டுக் கடை போட்டார்.

சில்லறை சேர்த்து ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது அவர்களுக்குப் புதிதில்லை. 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சங்கத்தில் மாதம் ஒரு ஷில்லிங் சந்தா, அதிலிருந்து விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவி. ஆலனின் மதர் பெத்தேல் சர்ச் 1794-ல்தான் வந்தது. முதலில் உதவி, பிறகு சர்ச்! அதே நகரத்தில் 1962-ல் லியோன் சல்லிவன் என்ற போதகர் மாதம் 10 டாலர் வீதம் 36 மாதம் போடுங்கள் என்று சபையாரிடம் கேட்டார். அந்த முதலீடு வளர்ந்து 1968-ல் புரோக்ரெஸ் பிளாசா என்ற வணிக வளாகமாக எழுந்து நின்றது.

எல்லாமே பெருமைப்படும்படி இல்லை. 1980-களில் எய்ட்ஸ் பரவியபோது பல பிரசங்க மேடைகள் வாயே திறக்கவில்லை, அதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. 1989-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பெர்னெஸ்ஸா சீல் பிரார்த்தனை வாரம் ஒன்றைத் தொடங்கி சபைகளைப் பேச வைத்தார். இங்கேயும் ஒரு பெண்தான் முன்னால் வந்தார். மேடையில் நின்ற போதகர்களின் பெயர்களைத்தான் நாம் படிக்கிறோம், அடுப்படியில் நின்றவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கில்மோர் 1990-ல் இறந்தார். 1965-ல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த பேரணியின் 25-ஆம் ஆண்டு நினைவு அது, நடந்து வருகிறவர்களுக்காக அன்றும் கோழி சமைத்துக்கொண்டிருந்தாராம். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டார் அந்தச் சாப்பாட்டைத்தான் பரிமாறினார்கள்.