டேனியல் பூன் இறந்த வீடும் ரெபெக்காவின் கல்லறையும்: மிசூரியில் ஒரு நாள்

செயிண்ட் லூயிஸ் நகரிலிருந்து டிஃபையன்ஸ் என்னும் சிற்றூருக்கு நான் தேடியவரையில் பேருந்தோ ரயிலோ கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தானே என்று தொலைபேசியில் ஒரு வாடகைக் கார் பேசினேன். அறுபது டாலர் என்று ஒப்புக்கொண்ட ஓட்டுநர், இடம் வந்து சேர்ந்ததும், திரும்பும்போது வண்டி காலியாகத்தான் போகும் என்பதால் தொண்ணூற்றைந்து தந்தாக வேண்டும் என்றார். வண்டி காலியாகத் திரும்பும் என்பது கிளம்பும்போதும் அவருக்குத் தெரிந்ததுதான். வாகன நிறுத்துமிடத்தில் நின்று வாதாடி எண்பதுக்கு இறக்கினேன் என்றாலும், அன்றைய மதியச் சாப்பாட்டுக்கும் மிதிவண்டி வாடகைக்கும் ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது. செலவு விவரங்களை ஒழுங்காக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் போக மனம் வரவில்லை.

டேனியல் பூன் என்ற பெயரைக் கேட்டதும் அமெரிக்கர்களின் மனத்தில் எழும் உருவம் துப்பாக்கியும் மான்தோல் சட்டையுமாகக் காட்டில் தனியே நடக்கும் ஒரு மனிதனுடையது. கென்டக்கிக்குக் குடியேற்றப் பாதை திறந்தவர் என்று அவரைப் பள்ளிப் பாடங்கள் கொண்டாடுகின்றன. அந்தத் தனிமனிதச் சித்திரம் பெரும்பாலும் பொய் என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு ஏற்பட்ட அழுத்தமான எண்ணம். பூனின் கதை ஒரு பெருங்குடும்பத்தின் கதை; அவர் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் காட்டில் இருந்தபோதெல்லாம் அந்தக் குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் அவர் மனைவி ரெபெக்கா.

டிஃபையன்ஸிலிருந்து சில மைல் தொலைவில், ஃபெம் ஓசேஜ் ஓடையின் பள்ளத்தாக்கில் நிற்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் மாளிகை உண்மையில் பூனுடையதே அல்ல. அவருடைய கடைசி மகன் நேதனும் நேதனின் மனைவி ஆலிவும் தம் பதினான்கு பிள்ளைகளோடு வாழ்ந்த வீடு அது. பூன் தம் முதுமையின் இறுதியில் அங்கு தங்கி, 1820 செப்டம்பர் 26 அன்று, தமது 85ஆம் வயதில் அங்கேயே இறந்தார். இன்று செயிண்ட் சார்லஸ் கவுன்டியின் பராமரிப்பில் இருக்கும் அவ்வளாகத்தில், வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களும் இருக்கின்றன. நேரம் இருந்தால் அவற்றையும் பார்க்கலாம். நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

வீட்டின் சுவர்களின் கனத்தைக் கண்டதுமே ஒரு கேள்வி எழுகிறது: இவ்வளவு கல்லைச் சுமந்தவர்கள் யார்? நேதன் அடிமைகளை வைத்திருந்தவர். இந்த வீடு எழுந்ததில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. டேனியல் பூனும் கென்டக்கியில் அடிமைகளை வைத்திருந்தவர்தான். மிசூரியில் முதியவர் பூனோடு வேட்டைக்குச் சென்ற டெர்ரி கோபர்ன், அவருடைய இன்னொரு மகன் டேனியல் மார்கனுக்கு அடிமையாக இருந்தவர். எல்லைப்புற விடுதலை வாழ்வு என்று புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்டிச் செல்வது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ரெபெக்கா பிரையனுக்கு 1756இல் திருமணம் நடந்தபோது வயது பதினேழு, பூனுக்கு இருபத்தொன்று. வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் குடித்தனம் தொடங்கிய அவர் பத்துப் பிள்ளைகளைப் பெற்றதோடு, உறவினர் விட்டுச்சென்ற எட்டுப் பிள்ளைகளையும் வளர்த்தார். கணவர் 1769 மே மாதத்தில் மான்தோலுக்காகக் கென்டக்கிக் காட்டுக்குச் சென்றவர் 1771 வரை வீடு திரும்பவில்லை. உழவு, கறவை, நெசவு, பிள்ளைப்பேறு, கடன்காரர்களுக்குப் பதில் சொல்லுதல் ஆகிய எல்லாமே அந்தக் காலத்தில் ரெபெக்காவின் தலையில் விழுந்தன.

1773இல் பூன் முதன்முறையாகக் குடும்பத்தோடு கென்டக்கிக்குப் புறப்பட்டார். உணவுப்பொருட்களோடு பின்னால் வந்துகொண்டிருந்த சிறு கூட்டத்தில் அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ் இருந்தான், வயது பதினாறு. அக்டோபர் 10 அன்று விடியுமுன், டெலவேர், ஷானி, செரோக்கி ஆகிய பூர்வகுடி இனத்தவர் அடங்கிய ஒரு குழு அவர்களைத் தாக்கிச் சித்திரவதை செய்து கொன்றது. மகனின் உடலைச் சுற்றிப் புதைக்க ரெபெக்கா தம்மிடமிருந்த லினன் விரிப்பைக் கொடுத்தனுப்பினார். இந்தக் கொடுமைக்கு ஒரு முன்கதை உண்டு. கென்டக்கி ஷானி மக்களின் வேட்டை நிலம். 1768இல் இரோகுவா என்ற வேறொரு பூர்வகுடிக் கூட்டமைப்பினர் அதை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தபோது ஷானிகளை யாரும் கேட்கவில்லை. 1775இல் ரிச்சர்ட் ஹென்டர்சனின் டிரான்சில்வேனியா கம்பெனி செரோக்கிகளிடமிருந்து அதே நிலத்தை வாங்கியபோதும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனிக்காகத்தான் பூன் ஏறத்தாழ முப்பது ஆட்களோடு கம்பர்லாந்து கணவாய் வழியே மரம் வெட்டிப் பாதை போட்டு, கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ என்னும் கோட்டைக் குடியிருப்பை அமைத்தார்.

அந்தக் கோட்டைக்கு வந்துசேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1776 ஜூலை 14 அன்று ஆற்றில் படகில் சென்ற மகள் ஜெமைமாவையும் கேலவே குடும்பத்துச் சிறுமியர் இருவரையும் ஷானி, செரோக்கி வீரர்கள் பிடித்துச் சென்றார்கள். இரண்டு நாட்களில் பூனும் மற்றவர்களும் தடம் பற்றிச் சென்று மீட்டார்கள். 1778 பிப்ரவரியில் பூனே சிக்கினார். உப்புக் காய்ச்சச் சென்ற ஆட்களோடு பிடிபட்ட அவரை ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் தம் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். ஜூன் மாதம் தப்பி, ஏறத்தாழ 160 மைலை ஐந்து நாட்களுக்குள் கடந்து கோட்டைக்கு வந்தபோது ரெபெக்கா அங்கு இல்லை. கணவர் இறந்துவிட்டார் என்றெண்ணிப் பிள்ளைகளோடு வட கரோலினாவுக்குத் திரும்பிவிட்டிருந்தார். காத்திருந்தவள் ஜெமைமா மட்டுமே. 1782 ஆகஸ்டில் புளூ லிக்ஸ் போரில் இன்னொரு மகன் இஸ்ரேலும் மாண்டான். இவ்வளவுக்குப் பிறகும் ஓஹையோ ஆற்றங்கரையில் லைம்ஸ்டோன் என்ற ஊரில் குடும்பம் விடுதி நடத்தியபோது அதன் அடுக்களையைப் பார்த்துக்கொண்டவர் ரெபெக்காதான்.

கென்டக்கியில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உரிமை கோரிய பூன் பத்திரக் குளறுபடியிலும் வழக்குகளிலும் அத்தனையையும் இழந்தார். 1799இல் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மிசூரிக்குக் குடும்பமாகப் பெயர்ந்தார்கள். ஸ்பானிய அரசு நிலமும் நீதிவழங்கும் பதவியும் அளித்தது. பிறகு அப்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்ததும், உரிய நடைமுறைகளை நிறைவேற்றவில்லை என்று அந்த நிலமும் பறிபோனது. 1814இல் அமெரிக்க நாடாளுமன்றம் திருப்பிக் கொடுத்ததில் பெரும்பகுதியை அவர் பழைய கடன்களை அடைக்க விற்றுவிட்டார். இத்தனை பேருக்கு நிலத்தின் வழியைக் காட்டியவருக்குத் தம் பெயரில் ஒரு பட்டாவைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லை.

வீட்டைப் பார்க்க வந்திருந்த முதிய தம்பதியர் டிஃபையன்ஸ் வரை என்னைத் தங்கள் காரில் கொண்டுவந்து விட்டார்கள், அவர்களுக்கு நன்றி. அங்கிருந்து மார்த்தாஸ்வில் சுமார் 30 கிலோமீட்டர். பழைய மிசூரி-கான்சஸ்-டெக்சஸ் ரயில் தடத்தை மிதிவண்டிப் பாதையாக மாற்றிய கேட்டி டிரெயில் வழியாகச் செல்லலாம், நுழைவுக்கட்டணம் கிடையாது. நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பிய சமதளப் பாதை, ஒருபுறம் மலைப்பாறை, மறுபுறம் சோளமும் சோயாவும் விளையும் ஆற்றுப் படுகை. ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் 1804 மே மாதத்தில் மேற்கு நோக்கிப் படகில் சென்றபோது கடந்த கரை இதுதான்.

வழியில் ஒரு சிறு உணவகத்தில் சாப்பிட்ட கெளுத்தி மீனைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். சோளமாவில் புரட்டிப் பொரித்த மீன். மேலோடு முறுகலாகவும் உள்ளே சதை பூப்போலவும் இருந்தது. கூடவே வெங்காயம் சேர்த்த சூடான சோளமாவு உருண்டைகளும் முட்டைக்கோஸ் கலவையும் வந்தன. அமெரிக்கச் சாப்பாட்டில் காரம் இல்லையே என்று நான் வழக்கமாகப் புலம்புவேன். மேசையில் இருந்த மிளகாய்க் குழம்பைத் தாராளமாக ஊற்றிக்கொண்டபின் அந்தப் புலம்பலுக்கு இடமில்லாமல் போயிற்று. ஓட்டுநரிடம் இழந்த பணத்துக்காக இதைத் தவிர்த்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். நல்ல வேளை, பசி வென்றது.

மார்த்தாஸ்வில்லுக்கு அருகே பிரையன் குடும்பத்தின் இடுகாட்டில்தான் ரெபெக்காவை அடக்கம் செய்தார்கள். 1813 மார்ச்சில், மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் பருவத்தில் நோயுற்று, மகள் ஜெமைமாவின் வீட்டில் அவர் இறந்தார். ஏழாண்டுக்குப் பின் அவர் கணவரையும் இங்கேயே புதைத்தார்கள். 1845இல் கென்டக்கிக்காரர்கள் வந்து இருவரின் எச்சங்களையும் தோண்டியெடுத்து, கென்டக்கியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் ஆற்றைப் பார்க்கும் மேட்டில் பெரும் விழாவோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துச் சென்றது தவறான எலும்புகள் என்றும் பூன் இன்னும் இங்கேதான் கிடக்கிறார் என்றும் மிசூரியினர் வாதிடுகிறார்கள். அக்காலத்தில் எடுத்த மண்டையோட்டு அச்சை 1983இல் ஆராய்ந்த தடயவியல் மானுடவியலாளர் ஒருவர், அது ஒரு கறுப்பினத்தவருடையதாக இருக்கக்கூடும் என்றார், மற்றவர்கள் மறுத்தார்கள். எந்த மாநிலத்தின் வாதம் சரியாக இருந்தாலும், சண்டை முழுவதும் பூனின் எலும்பைப் பற்றியே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். ரெபெக்காவின் எலும்பு எங்கே என்று யாரும் மல்லுக்கட்டவில்லை.

இனி செலவு. செல்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சுயமாக ஓட்டும் கார் எடுப்பதுதான் மலிவு. தனியாள் வாடகைக் காரில் போனால் நுழைவுச்சீட்டு, சாப்பாடு, மிதிவண்டி மூன்றும் சேர்ந்தாலும் வண்டிக் கூலியைத் தொடாது. மிதிவண்டியை டிஃபையன்ஸில் எடுத்து மார்த்தாஸ்வில்லில் விடலாம். கடையின் வேன் வந்து ஏற்றிக்கொண்டது, அதற்குத் தனிக்கட்டணம் வாங்கினார்கள். மாலையில் நண்பர் ஒருவர் வந்து என்னை நகருக்கு அழைத்துச் சென்றதால் திரும்பும் கூலி மிஞ்சியது. காலையில் வீடு, மதியத்தில் பாதை, பிற்பகலில் இடுகாடு என்ற வரிசையே நல்லது. கோடையில் செல்பவர்கள் தண்ணீரை இரட்டிப்பாக எடுத்துச் செல்லுங்கள். பாதையின் சில பகுதிகளில் நெடுந்தூரத்துக்கு நிழலே இல்லை.