டர்பன் கடலின் வலைகளும் அவற்றில் சாகும் திருக்கைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலில் கட்டியிருக்கும் சுறா வலைகள், கடலுக்குள் எழுப்பிய மதில் போல நின்று குளிப்பவர்களைக் காப்பதாகவே இங்கு வாழும் நம் மக்களில் பலர் நம்புகிறார்கள். உண்மை அதுவன்று. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, ஏறத்தாழ 200 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உள்ள வலைகள் தனித்தனியாக மிதக்கின்றன. அவற்றின் மேலும் கீழும் பக்கங்களிலும் சுறா தடையின்றி வந்து போகலாம். மாட்டுகிறவற்றில் கணிசமானவை கரைப்பக்கத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போதே மாட்டுகின்றன. கரையோரச் சுறாக்களைக் கொன்று குறைப்பதால்தான் ஆபத்து குறைகிறது என்பதை நாம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வலைகள் காரணமில்லாமல் வரவில்லை. டர்பனில் 1952இல் முதன்முதலாக வலை கட்டினார்கள். 1957 டிசம்பர் முதல் 1958 ஏப்ரல் வரை தெற்குக் கடற்கரையில் 5 பேர் சுறா தாக்கி இறந்தனர்; விடுமுறைக்கு வந்தவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள், கடற்படை ஆழ்வெடிகளைப் போட்டுப் பார்த்தது, 1964இல், இன்று இந்த வலைகளைப் பராமரிக்கும் குவாசுலு-நட்டால் சுறா வாரியத்தின் முன்னோடி அமைப்பு உருவானது. (மார்கேட் போன்ற அந்தக் கடற்கரைகளில், நிறவெறிச் சட்டங்களால் இந்திய வம்சாவளியினரான நம்மவர் குளிக்கவே அனுமதி இல்லாத காலம் அது.) பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அச்சத்தை நான் ஒருபோதும் சிறிதாக எண்ணமாட்டேன். ஆனால், அன்று கட்டிய அதே வலை இன்றும் தேவைதானா என்று கேட்பது அவர்களை அவமதிப்பது ஆகாது.

வலைக்கு ஆள் அடையாளம் தெரியாது. சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறாவும் வெள்ளைச் சுறாவும் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் ஓடும் என்பதால், சிக்கிய சிறிது நேரத்திலேயே மூச்சு முட்டிச் செத்துவிடுகின்றன. அலிவால் ஷோல் பாறைத்திட்டில் குளிர்காலத்தில் கூடும் ரேகிகள் எனப்படும் கோரைப்பல் சுறாக்கள் நின்ற இடத்திலேயே நீரை இழுத்து மூச்சுவிடக்கூடியவை என்பதால், அவற்றுள் பல பிழைத்து விடுவிக்கப்படுகின்றன. அது பெரிய ஆறுதல், ஏனெனில் ஒரு ரேகி ஈனுவதே ஒரு தடவைக்கு இரண்டு குட்டிகள்தாம். ஆமைகளும் ஓங்கில்களும் சிக்கும்போது செய்தியாகிறது. யாரையும் கடிக்காத திருக்கைகள் அதே வலையில் சாகும்போது எவரும் பேசுவதில்லை. எனக்குள்ள மனவருத்தம் இதுதான்.

திருக்கை இனத்தில் ஒன்றை இந்த நாடு ஏற்கெனவே இழந்துவிட்டது. ரம்பம் போன்ற நீண்ட மூக்குடைய வேளாமீனைத்தான் சொல்கிறேன். சங்க காலப் பரதவர் நட்டு வழிபட்ட சுறவுக் கோடு, அதாவது சுறாக் கொம்பு, இதனுடைய மூக்குத்தான் என்று கருதுவோர் உண்டு. செயின்ட் லூசியா கழிமுகம் அதன் குட்டிகள் வளரும் இடமாக இருந்தது. கழிமுகத்தின் சீர்கேடும் மீன்பிடி வலைகளும் சுறா வலைகளும் சேர்ந்து அதை ஒழித்துவிட்டன. 1999க்குப் பிறகு தென்னாப்பிரிக்கக் கடலில் அதைக் கண்டதாக உறுதியான பதிவு இல்லை. பற்கள் வலைக்கண்ணில் மாட்டினால் அதனால் விடுபடவே முடியாது.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. வாரியமே 2007 முதல் பல இடங்களில் வலைகளைக் குறைத்து, நங்கூரமிட்ட மிதவையில் இரை கோத்த ஒற்றைப் பெருந்தூண்டிலைத் தொங்கவிடுகிறது. அதிலும் சுறா சாகிறது என்றாலும் திருக்கைகளும் ஆமைகளும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மத்தி மீன் கூட்டம் வரும் குளிர்காலத்தில் வலைகளைத் தூக்கிவிட்டுக் குளிப்பதைத் தடை செய்வதும் இங்கு நடப்பதுதான். கேப்டவுனில் 2004 முதல் மலைமேல் காவலர்கள் அமர்ந்து கடலைப் பார்க்கிறார்கள். கறுப்புச் சுறா வரைந்த வெள்ளைக் கொடி ஏறி அபாயச் சங்கு ஒலித்தால் எல்லாரும் கரையேற வேண்டும். டர்பனில் அவ்வளவு அருகில் மலை இல்லை, மழைக்காலத்தில் தண்ணீரும் கலங்கிவிடும். ஆகவே அதை அப்படியே இங்கே கொண்டுவர இயலாது. எனினும் வலைகளை ஒவ்வொரு கடற்கரையாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

டர்பனின் புளூ லகூன் கரையில் தூண்டில் போடும் நமக்கும் இதில் பங்கு உண்டு. கோடையில் கரையோரம் வரும் உழுவை மீனை நாம் சாண்ட் ஷார்க் என்று சொல்லி இழுக்கிறோம். அதுவும் திருக்கை இனம்தான். துடுப்புக்காக உலகெங்கும் வேட்டையாடப்பட்டு மிக அருகிவிட்டதால், 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்தை, அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மணலில் கிடக்கும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகள் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அது மூச்சுக்குத் தவிக்கிறது. விலா எலும்பு இல்லாத உடம்பு என்பதால் தன் எடையே அதன் குடலை நசுக்கும், சினையாக இருந்தால் அதிர்ச்சியில் கரு கலைந்துவிடும். ஆகவே அண்ணன்மாரே, வாலைப் பிடித்து மேட்டுக்கு இழுக்காதீர்கள். அலை நனைக்கும் இடத்திலேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றுங்கள், கழறாவிட்டால் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் அது தண்ணீரில் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு, தலை கடலைப் பார்க்கும்படி திருப்பி விடுங்கள்.