எதிரி வீட்ல வளர்ந்த புள்ள யாரோட புள்ள?

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் கூட நடுராத்திரி வரைக்கும் வாக்குவாதம். போர்ல அப்பா அம்மாவ இழந்த ஒரு குழந்தைய எதிர்த்தரப்பு ஜனங்களே எடுத்து வளர்த்துடறாங்க, பத்து வருஷம் கழிச்சு பாட்டியோ சித்தப்பாவோ எப்படியோ தேடிக் கண்டுபிடிச்சு வந்து எங்க புள்ளய எங்ககிட்ட குடுங்கன்னு நிக்கிறாங்க, நீ ஜட்ஜா இருந்தா என்னடா பண்ணுவன்னு கேட்டான். நான் யோசிக்கவே இல்ல, சொந்தக்காரங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன். "அப்போ அது அம்மான்னு கூப்பிட்டுட்டு இருக்கிறவளுக்கு என்ன பதில் சொல்லுவ"ன்னான். வாயடைச்சுப் போச்சு. அதுக்கப்புறம் தூக்கம் வராம உக்காந்து படிச்சதுதான் இதெல்லாம்.

முதல்ல ஜின்ட்கலா நூனிங்கிற பொண்ணோட கதை. 1890 டிசம்பர் 29, அமெரிக்காவுல தெற்கு டகோட்டா பக்கம் வூண்டட் நீங்கிற இடத்துல அமெரிக்க ராணுவத்தோட 7வது குதிரைப்படை, லகோட்டாங்கிற பழங்குடி மக்கள் 250 பேருக்கு மேல சுட்டுக் கொன்னுச்சு, அதுல பாதிக்கு மேல பொம்பளைங்களும் குழந்தைங்களும். பனிப்புயல் ஓஞ்சு நாலாவது நாள் பொணத்தையெல்லாம் எடுக்கப் போனவங்க, உறைஞ்சு கிடந்த ஒரு தாயோட உடம்புக்கு அடியில உயிரோட ஒரு கைக்குழந்தைய பார்த்தாங்க. தலையில தோல் குல்லா, அதுல மணி கோத்துப் போட்டிருந்தது அமெரிக்கக் கொடி. அத படிச்சப்போ கொஞ்ச நேரம் அதுக்கு மேல என்னால படிக்க முடியல.

குழந்தைய லகோட்டா பொம்பளைங்க எடுத்துப் பார்த்துக்கிட்டாங்க, தொலைஞ்ச பறவைன்னு அர்த்தம் வர்ற மாதிரி அந்தப் பேர வச்சதும் அவங்கதான். ஆனா நெப்ராஸ்கா மாநிலப் படையோட ஜெனரல் லெனர்ட் கோல்பி, அவங்க குடுக்க மனசில்லாம இருந்தும் குழந்தைய வாங்கிட்டுப் போய் தத்தெடுத்துட்டார், பொண்டாட்டிகிட்ட கூட கேக்கல. அவருக்கு அது போர்லேர்ந்து எடுத்துட்டு வந்த ஒரு பொருள், ஊரக் கூட்டிக் காட்டிக்க ஒன்னு. அந்தப் பொண்டாட்டி க்ளாரா கோல்பி பெண்கள் ஓட்டுரிமைக்காகப் பத்திரிகை நடத்தினவங்க. அவங்க பாசமாத்தான் வளர்த்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. புருஷன் விட்டுட்டுப் போனப்புறமும் காசு இல்லாம கஷ்டப்பட்டு அந்தப் பொண்ணுக்காக ஓடியிருக்காங்க. ஆனா பொண்ணு வெள்ளைக்கார ஸ்கூல்லயும் ஒட்டல, பெரியவளானதும் தன் ஜனங்கள தேடிப் போனப்போ அங்க பாஷையும் தெரியல பழக்கவழக்கமும் தெரியல, அங்கயும் ஒட்டல. பஃபலோ பில்ங்கிறவர் நடத்தின வைல்ட் வெஸ்ட் ஷோவுல நடிச்சா, வறுமையில அலைஞ்சா, 1920ல கலிஃபோர்னியாவுல செத்துப் போனா. 29 வயசுதான். 1991ல லகோட்டா மக்கள் அவ எலும்ப தோண்டி எடுத்துட்டு வந்து வூண்டட் நீயிலயே புதைச்சாங்க. உயிரோட இருந்தப்போ திரும்பி வர முடியாத ஊருக்கு நூறு வருஷம் கழிச்சு வந்து சேர்ந்தா.

இத படிச்சு முடிச்சப்போ நான் சொன்னதுதான் கரெக்ட்னு ரொம்ப உறுதியா இருந்தேன். அப்புறம்தான் சீனாவுல விடப்பட்ட ஜப்பான் குழந்தைங்க கதை.

1945 ஆகஸ்ட் 9 சோவியத் படை மஞ்சூரியாவுக்குள்ள, அதாவது ஜப்பான் பிடிச்சு வச்சிருந்த வடகிழக்கு சீனாவுக்குள்ள வந்துச்சு. அங்க ஜப்பான் குடியேத்தி வச்சிருந்த விவசாயக் குடும்பங்கள்ல ஆம்பளைங்கள அதுக்கு முன்னாடியே பட்டாளத்துக்கு இழுத்துட்டாங்க, பொம்பளைங்களும் குழந்தைங்களும் மட்டும் நடந்தே ஓடினாங்க. பசி, டைபஸ் காய்ச்சல், குளிரு. சாகப் போற அம்மாவுங்க கைக்குழந்தைய சீனக் குடும்பங்ககிட்ட குடுத்துட்டுப் போனாங்க, சில குழந்தைங்க சும்மா ரோட்டோரம் கிடந்துச்சு. எடுத்து வளர்த்தவங்க யாரு? 14 வருஷமா ஜப்பான்காரன்கிட்ட நிலத்தையும் ஆளையும் பறிகுடுத்த ஏழை விவசாயிங்க. அவங்களுக்கு அந்தக் குழந்தைய வெறுக்க எல்லா காரணமும் இருந்துச்சு. ஆனா தனக்கே இல்லாத சோத்துல பங்கு குடுத்தாங்க. ஸ்கூல்ல குட்டி ஜப்பான் பேயின்னு மத்த பசங்க கல்லெடுத்து அடிச்சா அம்மா சண்டைக்குப் போவா, அப்புறம் மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சி நேரத்துல வீட்ல ஜப்பான் ரத்தம் இருக்குன்னு தெரிஞ்சாலே ஆபத்து, அப்பவும் மறைச்சு காப்பாத்துனவங்க நிறைய பேர்.

1972ல ரெண்டு நாடும் உறவு வச்சுக்கிட்டாங்க, 1981லதான் முதல் குழு சொந்தத்த தேடி ஜப்பானுக்குப் போச்சு. அதுக்குள்ள நிறைய பேருக்கு நாப்பது வயசு ஆகிடுச்சு. அரசாங்கம் அங்கீகரிச்ச அநாதைங்க 2,800க்கும் மேல, அதுல பாதிப் பேருக்குக் கூட குடும்பம் யாருன்னு தெரியவே வரல. ஜப்பான்ல 1959லயே ஒரு சட்டம் போட்டு, திரும்பி வராதவங்கள செத்துட்டதா பதிய வழி பண்ணிட்டாங்க, உயிரோட இருக்கிற புள்ளைக்கு சாவுப் பதிவு. திரும்பிப் போனவங்களுக்கு ஜப்பானிய பாஷை வரல, அங்க இவங்கள சீனாக்காரன்னாங்க. 2002லேர்ந்து 2,000 பேருக்கு மேல அரசாங்கத்து மேல கேஸ் போட்டாங்க, 2006ல ஜப்பான்ல கோபே நகரத்து கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, மத்த கோர்ட்டுங்க பல இடத்துல சொல்லல, 2007ல சட்டத்த மாத்தி உதவித்தொகைய கூட்டினாங்க. இந்தப் பக்கம் அந்த வளர்ப்பு அம்மா அப்பா? வயசான காலத்துல புள்ளய ஜப்பானுக்கு வழியனுப்பிட்டு தனியா உக்காந்தவங்க. நீ போ, உன்னப் பெத்தவ உசுரோட இருந்தா பார்த்துட்டு வான்னு அனுப்பி வச்சவங்க.

இங்கதான் என் பதில் மாறிப்போச்சு. கோல்பி வீடும் எதிரி வீடுதான், அந்த விவசாயி வீடும் எதிரி வீடுதான். ஒன்னு, கேட்டு நிக்கிற சொந்த ஜனத்துகிட்டேர்ந்து வாங்கிட்டுப் போனது. இன்னொன்னு, யாருமே இல்லாம கிடந்தத எடுத்தது. கோர்ட்ல நான் முதல்ல கேக்க வேண்டியது இந்தக் கேள்வி, குழந்தை கைக்கு எப்படி வந்துச்சு. ரெண்டாவது, தேடி வர்றவங்களுக்கு கதவு திறந்திருந்துச்சா, பேரயும் பொறந்த இடத்தையும் குழந்தைக்கு சொன்னாங்களா, இல்ல மூடி மறைச்சாங்களா. மறைச்சதுலயும் காப்பாத்த மறைச்சது வேற, வச்சுக்க மறைச்சது வேற.

சட்டமும் சும்மா இல்ல. 1949 நான்காவது ஜெனிவா ஒப்பந்தத்துல 24வது பிரிவு, போர்ல தனியான 15 வயசுக்குட்பட்ட குழந்தைங்களோட படிப்பு, முடிஞ்ச வரைக்கும் அதே பண்பாட்டுக்காரங்க கையில இருக்கணும்னு சொல்லுது. 1989 குழந்தை உரிமை ஒப்பந்தத்துல அடையாளத்த காப்பாத்தணும்னு 8வது பிரிவு, குழந்தை பேச்ச கேக்கணும்னு 12வது. போர் நேரத்துல அவசரப்பட்டு தத்து குடுக்கக் கூடாது, சொந்தத்த தேட குறைஞ்சது ரெண்டு வருஷம் விடணும்ங்கிறது நிவாரண அமைப்புகளோட வழிமுறை. அமெரிக்காவுலயே பழங்குடிக் குழந்தைங்கள்ல 25லேர்ந்து 35 சதவீதம் பேர வீட்ட விட்டுப் பிரிச்சப்புறம்தான் 1978ல சொந்தத்துக்கும் அந்த இனத்துக்கும் முன்னுரிமைன்னு சட்டம் வந்துச்சு, 2023ல உச்ச நீதிமன்றம் அத 7க்கு 2ன்னு உறுதி பண்ணுச்சு.

ஆனா எந்த சட்டமும் பத்து வயசுப் புள்ளைக்கு அம்மாவ மாத்திக் குடுக்க முடியாது. பாட்டி வரட்டும், பக்கத்துலயே இருக்கட்டும், அவ பாஷைய சொல்லித் தரட்டும், லீவுக்கு லீவு கூட்டிட்டுப் போகட்டும். ஒரு ராத்திரியில கட்டில மாத்திப் போட நான் கையெழுத்துப் போட மாட்டேன். பறிச்சுட்டு வந்த குழந்தைன்னு தெரிஞ்சா மட்டும் என் பதில் வேற, அப்பவும் மெதுவாத்தான், ஆனா கண்டிப்பா திருப்பிக் குடுக்கணும்.

ஃப்ரெண்டுக்கு இதையெல்லாம் மெசேஜ்ல அனுப்பினேன். கடைசியா ஒன்னும் சேர்த்து அனுப்பினேன். வடகிழக்கு சீனாவுல ஃபாங்ஜெங்னு ஒரு கவுன்ட்டி, அங்க 1995ல ஒரு கல்லறை கட்டினாங்க, வளர்ப்பு அம்மா அப்பாக்களுக்குன்னே. கட்டினது ஜப்பானுக்குத் திரும்பிப் போன ஒரு அநாதைப் புள்ள.