கருமணலில் கறுக்கும் ஆக்சலாட்டல்

மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட ஆக்சலாட்டல் என்னும், பல்லி போன்ற உருவமுள்ள நீர்வாழ் சலமாண்டர், பச்சோந்தியைப் போல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறுவதில்லை. எங்கள் தொட்டியில் வெளிர்மணலை அகற்றிக் கருமணல் பரப்பிய பிறகு (சரளை என்றால் விழுங்கிவிடும்), அதன் பழுப்பு முதுகு வாரக்கணக்கில்தான் மெல்லக் கறுத்தது. தோலின் நிறமிச் செல்களுக்குள் மெலனின் என்னும் கருநிறமியின் துகள்கள் பரவினால் உடல் கறுத்தும், நடுவே குவிந்தால் வெளுத்தும் தோன்றும். கரிய பின்னணி நீடித்தால் அச்செல்களின் எண்ணிக்கையும் கூடும். விளக்கொளியில் வால்துடுப்பை உற்றுப் பார்த்தால், தனித்தனியாக இருந்த புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று கலந்திருப்பது தெரிகிறது. மெலனின் உருவாகாத அல்பினோ வகைக்கு இந்த வித்தை வாய்க்காது. செவுள்கள் சிவப்பதும் வெளுப்பதும் வேறு சங்கதி. அது இரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. அழகுக்காக மணலை அடிக்கடி மாற்றுவது வீண்வேலை என்பேன். உடல் திடீரென வெளுத்தால், முதலில் நீரின் வெப்பத்தையும் அம்மோனியா அளவையும் சோதிப்பதே முறை.