பிரிட்ஜில் 17 நாள்

கடலூர் திருப்பாப்புலியூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இன்சுலினுக்கென்று தனியாக ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் அதைத் திறந்து, வெப்பம் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. போன சித்திரையில் அதன் நடுத்தட்டில் என் பெயர் எழுதிய ஒரு இன்சுலின் பேனா, பேனா மாதிரி இருக்கும் ஊசி, 17 நாள் கிடந்தது. தினமும் கண்ணில் படும். பெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுக் கதவை மூடுவேன்.

22 வருடமாக இந்த கவுன்டரில் நிற்கிறேன். முதல் தடவை இன்சுலின் சீட்டோடு வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். சீட்டை நீட்டிவிட்டுக் கையை எடுக்க மாட்டார்கள். "ஊசிக்கே போயாச்சு, அவ்ளோதானா சார்?" என்பார்கள். என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "4 மில்லிமீட்டர் ஊசிங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." அவர்கள் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

என் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. 11 வருடச் சர்க்கரை, மூன்று வகை மாத்திரை, அப்படியும் மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.6 சதவீதம். டாக்டர் ராத்திரிக்கு கிளார்ஜின் என்ற இன்சுலின் 10 யூனிட் என்று எழுதிவிட்டு, "உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்கப்புறம் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வாரம் ஒரு தடவை போடுகிற புது ஊசியைப் பற்றியும் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். 2025 மார்ச்சில் டிர்செபடைடு இங்கே விற்பனைக்கு வந்ததிலிருந்து கடையில் பாதிப் பேர் அதைத்தான் விசாரிக்கிறார்கள். வந்த புதிதில் 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். மாதத்துக்கு நாலு. அந்த முதல் மாத டோஸும் வயிறு பழகத்தானே ஒழிய, சர்க்கரையைப் பிடிக்க அதற்கு மேல் ஏற்ற வேண்டும். நான் எடுத்துக் கொடுக்கலாம், எனக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. சரி, இன்சுலின்தான்.

ஊசி குத்துவதில் எனக்குப் பயமில்லை. என் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு அம்மா வந்து இன்சுலின் சிரிஞ்சு இரண்டு கேட்டார். கடையில் கூட்டம். சிவப்பு மூடி போட்டதை எடுத்துக் கொடுத்தேன், எதற்கென்று கேட்கவில்லை. வீட்டில் அவர் கணவரின் பேனா உடைந்திருக்கிறது. சிரிஞ்சால் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்தே மருந்தை உறிஞ்சி, 12 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார்கள். சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கான சிரிஞ்சு. பேனாவில் இருப்பதோ மில்லிக்கு 100. ஆக உள்ளே போனது 12 இல்லை, 30. நடு ராத்திரியில் சட்டை நனைய வேர்த்து, பேச்சுக் குழறி, மனைவிதான் அவர் வாயில் சர்க்கரையைக் கொட்டி ஆட்டோவில் ஏற்றிப் போயிருக்கிறார். மனுஷன் பிழைத்துக்கொண்டார். மறு வாரம் அந்த அம்மா வந்து சண்டை எதுவும் போடவில்லை, "நாங்கதான் கேட்டிருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கண்ணை மூடினால் அந்த நனைந்த சட்டைதான் வந்து நிற்கும். தூங்கும்போது எனக்குச் சர்க்கரை இறங்கினால் எனக்கே தெரியுமா? கிளார்ஜினில் அந்த ஆபத்து குறைவு, அதுவும் 10 யூனிட் என்பது ஆரம்ப அளவு என்றெல்லாம் பாடம் தெரியும். பேனாவைத் தொடத்தான் கை வரவில்லை. வீட்டில் விஷயம் தெரிந்ததும், "என்னங்க, எறும்பெல்லாம் அடுத்தவங்களுக்குத்தானா?" என்று கேட்டாள் மனைவி.

17-ஆம் நாள் தேவனாம்பட்டினத்து ஆயா வந்தார். மீன் விற்கிறவர், எழுபது இருக்கும். பெரியாஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் குப்பிதான் போடுகிறார். சிரிஞ்சு தீர்ந்தால் எங்களிடம் வருவார். பிரிட்ஜில் நான் பெட்டியைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "யாருது தம்பி அது, வாங்காமயே கெடக்கு?" என்றார். என்னுடையது என்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ராத்திரிக்கு பயமா? தலைமாட்டுல கல்கண்டு வச்சிக்க. மூணு மணிக்கு ஒருக்கா ஏந்திரிச்சு குத்திப் பாரு. ரெண்டு நாள்ல சரியாப் பூடும்." அதோடு 'தானே' புயல் கதையும் வந்தது. 2011 டிசம்பர் கடைசியில் கரையைக் கடந்த புயல். கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத நாட்களில், மண்பானையில் ஈரமணல் போட்டு, உள்ளே ஒரு சின்னச் சட்டியில் குப்பியை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். "அதுக்கே பயப்படல, நீ என்னா?"

கல்கண்டு சரிப்படாது, கரைய நேரமாகும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுகோஸ் தூளோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதை ஆயாவிடம் சொல்லவில்லை, அன்றைக்கு நான் யாருக்குப் பாடம் எடுப்பது?

அன்று ராத்திரி, மருந்து சரியாக வருகிறதா என்று பார்க்க, பேனாவில் இரண்டு யூனிட் திருகி ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தினேன். ஊசி நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது. பழைய ஆஸ்பத்திரி வராந்தா வாடை. 10 வைத்து, தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளிக் குத்தி, அழுத்தியபடியே பத்து எண்ணினேன். எறும்பு கூட இல்லை. மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்தால் 162. மறுநாள் 151. மூன்றாம் நாள் அலாரம் வைக்க மறந்து தூங்கிவிட்டேன். அப்புறம் டாக்டர் சொன்னபடி மூன்று நாளைக்கு இரண்டு யூனிட்டாக ஏற்றி இப்போது 18-இல் நிற்கிறது.

திறந்த பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வைத்து 28 நாளுக்குள் முடிக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் எந்த அறை 30 டிகிரியில் இருக்கும்? ஆயாவின் பானை இப்போது எங்கள் வீட்டு ஜன்னலோரமும் இருக்கிறது.

போன வாரம் ஒரு ஆட்டோக்காரர் முதல் சீட்டோடு வந்தார். "வலிக்குமா சார்?" என்றார். வலிக்காது என்றேன், எறும்பைக் கூப்பிடவில்லை. "ராத்திரி வீட்டுல கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். சீட்டிலிருந்து கையை எடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.